ரவுண்டானா வடிவமைப்பு: விபத்தைக் குறைக்க என்னென்ன வேண்டும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக ரவுண்டானா வரையப்போகிறவர்களுக்கும், விபத்து ஓயாத பழைய ஒன்றைத் திருத்த நினைப்பவர்களுக்கும் இந்தப் பக்கம். வாகனங்கள் சாலையின் இடப்பக்கம் ஓடும் நாடுகளை வைத்தே திசைகளைச் சொல்லியிருக்கிறோம். வலப்பக்கம் ஓட்டும் நாடுகளில் இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றிக்கொள்ளுங்கள். மற்றவை அப்படியே பொருந்தும்.

ரவுண்டானா வைத்தால் விபத்து ஏன் குறைகிறது?

நான்கு சாலைகள் கூடும் சாதாரணச் சந்திப்பில் வாகனங்கள் ஒன்றோடொன்று மோதக்கூடிய புள்ளிகள் 32. அவற்றில் 16 இடங்களில் ஒரு வாகனத்தின் பாதையை இன்னொன்று குறுக்கே வெட்டுகிறது. 8 இடங்களில் பாதைகள் சேர்கின்றன, 8 இடங்களில் பிரிகின்றன. ஒற்றைத் தட ரவுண்டானாவில் மொத்தமே 8 புள்ளிகள்தான்: நான்கு சேர்வதற்கு, நான்கு பிரிவதற்கு. குறுக்கே வெட்டும் புள்ளி ஒன்றுகூட இல்லை. ஆளைக் கொல்வது பெரும்பாலும் குறுக்கே வந்து விலாவில் இடிக்கும் மோதலும், எதிரே வருவதைக் கவனிக்காமல் திரும்பும்போது நேரும் மோதலும்தான். ரவுண்டானா இந்த இரண்டுக்கும் இடமே தருவதில்லை.

இரண்டாவது காரணம் வேகம். மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 60 கி.மீ. வேகத்தில் இடிப்பதன் ஆற்றல் 40 கி.மீ. வேகத்தில் இடிப்பதைப் போல இரண்டேகால் மடங்கு. அமெரிக்காவில் 2007இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு, சந்திப்புகளை ரவுண்டானாவாக மாற்றிய இடங்களில் மொத்த விபத்துகள் சுமார் 35 விழுக்காடும், காயம் ஏற்படுத்தும் விபத்துகள் சுமார் 76 விழுக்காடும் குறைந்ததாகக் கண்டது. இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியைக் கவனியுங்கள். சின்ன உரசல்கள் தொடர்ந்து நடக்கும். பெரிதும் குறைவது ஆளைக் காயப்படுத்தும் விபத்துகள்தான்.

நடுவில் வட்டமாக ஒரு திட்டு கட்டினால் போதாதா?

போதாது. இந்தத் துறையில் அதிகம் காணப்படும் தவறு இதுதான். வட்டம் யாரையும் காப்பதில்லை. வட்டத்துக்குள் நுழையும் வாய் எப்படி வளைக்கப்பட்டிருக்கிறது என்பதே காக்கிறது. திட்டு சிறியதாகவும் நுழைவு அகலமாகவும் இருந்தால், ஓட்டுநர் ஸ்டீயரிங்கை லேசாக ஆட்டிவிட்டு அதே வேகத்தில் நேராகப் போய்விடுவார். அதைச் சுற்றிச் செல்லும் சந்திப்பு என்று வரைபடம்தான் சொல்லும்.

பெரிதாகக் கட்டினால் சரியாகிவிடும் என்பதும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கட்டப்பட்ட பெரிய வட்டங்கள் பல, வாகனங்கள் நல்ல வேகத்தில் ஒன்றுக்குள் ஒன்று பின்னிப் போகும் என்ற எண்ணத்தில் வரையப்பட்டவை. உள்ளே வருபவருக்கே முன்னுரிமை என்ற விதியும் பல இடங்களில் இருந்தது. விளைவு, நெரிசலில் வட்டம் நிறைந்து பூட்டிக்கொண்டது. நெரிசல் இல்லாதபோது வேகம் கூடியது. பிரிட்டன் 1966இல் விதியைத் திருப்பிப் போட்டது: வட்டத்தில் சுற்றுபவருக்கு முன்னுரிமை, நுழைபவர் காத்திருக்க வேண்டும். நவீன ரவுண்டானாவின் பிறப்பு அங்கேதான். நுழைபவர் காத்திருப்பார் என்றான பிறகு பின்னிச் செல்ல நீளமான இடம் தேவைப்படவில்லை. வட்டத்தைச் சுருக்கவும் முடிந்தது.

எந்த வேகத்துக்கு வடிவமைக்க வேண்டும்?

ஒற்றைத் தட ரவுண்டானாவில் நுழைவு வேகம் மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் போகக் கூடாது; நடந்து செல்பவர்கள் அதிகமுள்ள இடத்தில் 30ஐ ஒட்டி வைப்பது நல்லது. இரட்டைத் தடத்தில் 40 முதல் 50 வரை. பலகையில் எழுதும் வேகத்தைச் சொல்லவில்லை. சாலை காலியாக இருக்கும் நள்ளிரவில், விதியை மதிக்காத ஒருவர் தடக்கோடுகளைப் பொருட்படுத்தாமல் போனாலும் அவரால் எட்ட முடிகிற வேகம் அது.

பாதையின் வளைவு ஆரத்துக்கும் வேகத்துக்கும் உள்ள உறவு, 2 விழுக்காடு சாதகமான சரிவில் (அதாவது சாலை வளைவின் உட்பக்கம் நோக்கிச் சாய்ந்திருக்கும்போது), ஏறக்குறைய இப்படி அமையும்: 20 மீட்டர் ஆரத்தில் 28 கி.மீ., 30 மீட்டரில் 33, 60 மீட்டரில் 43, 100 மீட்டரில் 52. ஆரம் ஐந்து மடங்கானாலும் வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை பாருங்கள். வளைவை இறுக்குவதால் கிடைக்கும் பலன் சிறிய ஆரங்களில்தான் தெரியும். 150 மீட்டரை 100 ஆக்கியதைச் சாதனையாகக் கருத வேண்டாம்.

அந்த வேகத்தை வரைபடத்திலேயே எப்படிக் கணக்கிடுவது?

"மிக வேகமான பாதை" வரைந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு நுழைவுக்கும், நேராகச் செல்பவருக்கும் இரு பக்கமும் திரும்புபவருக்கும் தனித்தனியாக.

1. காரின் அகலம் 2 மீட்டர் என்று கொண்டு அதன் மையக்கோட்டை வரையுங்கள்.
2. கெர்ப் கல்லிலிருந்து, அதாவது சாலையோர விளிம்புக் கல்லிலிருந்து, அந்த மையக்கோடு 1.5 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்; சாலையின் நடுக்கோட்டிலிருந்தும் 1.5 மீட்டர்; ஓரத்தில் பெயின்ட் கோடு மட்டும் இருந்தால் 1 மீட்டர் போதும்.
3. வழிவிடு கோட்டுக்கு (நுழைபவர் காத்திருந்து வழிவிட வேண்டிய கோடு) 50 மீட்டர் முன்பிருந்தே தொடங்குங்கள். நுழைவில் இடக் கெர்பை ஒட்டி, நடுத்திட்டில் வலப்பக்கம் ஒட்டி, வெளிவாயில் மறுபடி இடப்பக்கம் ஒட்டி, எவ்வளவு மென்மையான வளைவாக முடியுமோ அவ்வளவு மென்மையாக வரையுங்கள்.
4. நுழைவுக்கு அருகில் வரும் மிகச் சிறிய ஆரத்தை அளந்து, மேலே சொன்ன எண்களோடு ஒப்பிடுங்கள்.
5. ஒன்றையொன்று சந்திக்கும் பாதைகளின் வேக வித்தியாசம் 20 கி.மீ.க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். நுழைபவர் 45இல் வர, வலப்பக்கம் திரும்புவதற்காகச் சுற்றுபவர் 22இல் ஊர்ந்தால் அங்கே பின்பக்க, பக்கவாட்டு மோதல் நிச்சயம்.

கோட்டைக் கையால் ஒரே இழுப்பில் வரைவது, கணினியில் வட்டவில்களை ஒட்டுப்போடுவதைவிடப் பல நேரம் உண்மைக்கு அருகில் இருக்கும். ஓட்டுநரும் அப்படித்தான் ஓட்டுகிறார்.

இருசக்கர வாகனங்கள் நிறைய ஓடும் சாலையில் இந்தச் சோதனையை இன்னொரு முறை, அகலம் 0.8 மீட்டர் என்று வைத்துச் செய்யுங்கள். கார் கோணலாகப் போக வேண்டிய நுழைவில் பைக் ஏறக்குறைய நேராகப் போய்விடும். 5.5 மீட்டர் அகல நுழைவு காருக்குச் சரி, பைக்குக்கு அது திறந்த வாசல்.

கணக்கில் வேகம் அதிகமாக வருகிறது. எதை மாற்றலாம்?

முதலில் அணுகுசாலையின் கோட்டை நகர்த்திப் பாருங்கள். சாலையின் மையக்கோடு வட்டத்தின் மையத்தைத் தொடாமல் சற்று வலப்பக்கம் தள்ளிப் போனால் நுழைவில் வளைவு தானாகக் கூடும். எதிர்ப்பக்கம், அதாவது இடப்பக்கம், நகர்ந்துவிட்டால் வாகனம் வட்டத்தை உரசிக்கொண்டு நேரே பாயும்; எந்த அலங்காரத்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது. இரண்டாவது, நுழைவு அகலத்தைக் குறைப்பது. மூன்றாவது, வெளிவட்ட விட்டத்தை ஓரிரு மீட்டர் கூட்டி நடுத்திட்டைப் பெரிதாக்குவது.

கெர்ப் ஆரத்தை மட்டும் பிடித்து இறுக்குவது ஆபத்து. நுழைவுக் கெர்பின் ஆரம் 15 முதல் 30 மீட்டர் வரை இருக்கலாம். அதற்குக் கீழே போனால் வாகனங்கள் தடுமாறிக் கெர்பில் ஏறும், தனி வாகன விபத்துகள் கூடும், நுழைவின் கொள்ளளவும் குறையும்.

நெடுஞ்சாலை வேகத்தில் வரும் அணுகுசாலைகளில் ஒரே ஒரு இறுக்கமான வளைவை நம்பக் கூடாது. பிரிப்புத் திட்டை, அதாவது உள்வரும் தடத்தையும் வெளியேறும் தடத்தையும் பிரிக்கும் முக்கோணத் திட்டை, 60 மீட்டருக்குக் குறையாமல் நீட்டி, அதற்குள் மாறி மாறி வரும் வளைவுகளால் வேகத்தைப் படிப்படியாக இறக்க வேண்டும். வளைவுக்குப் பதிலாக நுழைவில் வேகத்தடை போடுவது, வடிவம் தோற்றுவிட்டது என்று எழுதிக் கையெழுத்திடுவது போல.

அளவுகள் எவ்வளவு?

வெளிவட்ட விட்டம் என்பது வெளிக் கெர்பிலிருந்து எதிர்க் கெர்ப் வரை உள்ள தூரம். மினி ரவுண்டானாவுக்கு 13 முதல் 27 மீட்டர். ஒற்றைத் தடத்துக்கு 27 முதல் 55. இரட்டைத் தடத்துக்கு 46இல் தொடங்கும். ஒற்றைத் தட நுழைவின் அகலம் 4.2 முதல் 5.5 மீட்டர். சுற்றுப்பாதையின் அகலம் மிக அகலமான நுழைவின் அளவுக்குச் சமமாகவோ, அதிகம் போனால் 1.2 மடங்காகவோ இருக்கலாம். அதைத் தாண்டினால் ஒற்றைத் தடத்தில் இரண்டு வாகனங்கள் பக்கத்தில் பக்கத்தில் ஓடத் தொடங்கும்.

பேருந்தும் பெரிய லாரியும் இந்த அகலத்தில் எப்படித் திரும்பும்?

நடுத்திட்டைச் சுற்றி, பின்சக்கரம் ஏறிப் போகக்கூடிய ஒரு விளிம்பு மேடை அமைக்க வேண்டும். அகலம் 1 முதல் 4 மீட்டர், வாகனத்தின் நீளத்தைப் பொறுத்து. சுற்றுப்பாதையைவிட 50 முதல் 75 மில்லிமீட்டர் உயரம், சாய்வான கெர்ப். நிறமும் பரப்பும் தார்ச்சாலையிலிருந்து வேறுபட்டிருக்க வேண்டும். கல் பாவுவது நல்ல வழி.

இதில் வழக்கமாக இரண்டு விதத்தில் தவறுகிறார்கள். சாலை மட்டத்திலேயே போட்டுப் பெயின்ட் அடித்தால் கார்கள் அதைக் கூடுதல் தடமாக்கிக்கொள்ளும்; வளைப்பு முழுவதும் போய்விடும். 100 மில்லிமீட்டருக்கு மேல் செங்குத்தாக உயர்த்தினால் லாரி ஓட்டுநர் அதில் ஏறாமல் வெளிப்பக்கம் ஒதுங்கி, நடைபாதைக் கெர்பை உடைப்பார். பேருந்து விஷயத்தில் ஒரு திருத்தம்: நின்று பயணிப்பவர்கள் இருப்பதால் பேருந்து மேடையில் ஏறாமலே சுற்றிவர வேண்டும். மேடை, நீள லாரிகளுக்கு மட்டும்.

சுற்றுப்பாதையின் சரிவு உள்நோக்கியா, வெளிநோக்கியா?

வெளிநோக்கி, சுமார் 2 விழுக்காடு. சாதாரண வளைவுகளில் உள்நோக்கிச் சாய்த்துப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் காரணம் தெளிவு: வெளிச்சரிவு வேகத்தைக் குறைக்கிறது, நடுத்திட்டைத் தூரத்திலிருந்தே உயர்த்திக் காட்டுகிறது, மழைநீர் வெளிக் கெர்புக்குப் போவதால் நடுவில் வடிகால் தோண்ட வேண்டியதில்லை. நீர் இறங்கும் சல்லடைகளை ஜீப்ரா கிராசிங்கிலும் வழிவிடு கோட்டிலும் வைக்காதீர்கள்.

வெளிச்சரிவு 2 விழுக்காட்டைத் தாண்டினால் சரக்கு உயரமாக ஏற்றிய லாரி கவிழும் வாய்ப்பு கூடும். நுழைந்த பிறகு ஆரம் திடீரென இறுகும் இடத்தில் இது இன்னும் மோசம்.

நடுத்திட்டில் சிலையோ நீரூற்றோ வைக்கலாமா?

வைக்க வேண்டாம். தூங்கிவிட்டவரோ குடித்தவரோ ஓட்டும் வாகனம் ஒருநாள் நேராக அதில் ஏறத்தான் போகிறது. அப்போது எதிரே கருங்கல் பீடம் இருக்கக் கூடாது. நீரூற்றும் இருக்கையும் மக்களைச் சுற்றுப்பாதையைக் கடந்து உள்ளே வரத் தூண்டும்.

ஆனால் வெறும் தட்டையான புல்லும் போதாது. நடுவில் மண்ணை மேடாகக் கொட்டி, 6 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற சாய்வுக்கு மிகாமல் உயர்த்துங்கள். எதிர்ச்சாலை நேராகத் தெரியாதபடி மறைக்க வேண்டும் என்பதே நோக்கம். நேராகத் தெரிந்தால் ஓட்டுநர் மனம் சந்திப்பைத் தாண்டிப் போய்விடும். விளிம்பிலிருந்து 2 மீட்டருக்குள் உள்ள செடிகள் முழங்கால் உயரத்தைத் தாண்டக் கூடாது.

பார்வைத் தூரம் கூடக் கூட நல்லதுதானே?

இல்லை. நுழைபவருக்கு, வலப்பக்கத்திலிருந்து வரும் வாகனத்தை 5 விநாடி முன்பாகப் பார்க்க முடிந்தால் போதும். 30 கி.மீ. வேகத்துக்கு அது சுமார் 42 மீட்டர். இந்தப் பார்வையை வழிவிடு கோட்டுக்கு 15 மீட்டர் பின்னாலிருந்துதான் தர வேண்டும். 60 மீட்டர் பின்னாலிருந்தே வலப்பக்கம் முழுவதும் திறந்து கிடந்தால், ஓட்டுநர் அங்கேயே "காலி" என்று முடிவு செய்து வேகத்தைக் குறைக்காமல் நுழைகிறார். கடைசி நேரத்தில் வரும் சைக்கிளும் பைக்கும் அவர் கண்ணில் படுவதில்லை. அப்படிப்பட்ட இடங்களில் பிரிப்புத் திட்டில் வேலியோ புதரோ வைத்துப் பார்வையை வேண்டுமென்றே மறைப்பது பிரிட்டனில் வழக்கத்தில் உள்ள உத்தி. நிற்கத் தேவையான தூரத்தை மட்டும் எங்கும் குறைக்கக் கூடாது: 40 கி.மீ.க்கு சுமார் 46 மீட்டர், 50க்கு 63.

நடந்து கடப்பவர்களுக்கு என்ன ஏற்பாடு?

கிராசிங்கை வழிவிடு கோட்டிலிருந்து ஒரு கார் நீளம், அதாவது 6 மீட்டருக்குக் குறையாமல், பின்னுக்குத் தள்ளி வையுங்கள். முன்னால் காத்திருக்கும் ஓட்டுநர் வலப்பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பின்னால் கடப்பதே பாதுகாப்பு. பிரிப்புத் திட்டின் நடுவே நின்றுகொள்ள 1.8 மீட்டர் ஆழமாவது வேண்டும். தள்ளுவண்டியில் குழந்தையோடு வருபவரை வைத்து அளந்தால் அதுவும் குறைவுதான்.

நுழைவைவிட வெளிவாய்தான் ஆபத்தானது. வட்டத்தை விட்டு வெளியேறும் ஓட்டுநர் ஆக்சிலரேட்டரை மிதிக்கும் இடம் அது. வெளிவாயை நேராக, அகலமாக விடாமல் கிராசிங் வரை வளைவைத் தொடர வேண்டும். கிராசிங்கை மேடாக்கினால் இன்னும் நல்லது. பார்வையற்றவர்களுக்கு ரவுண்டானா கடினமான சந்திப்பு, ஏனென்றால் வாகன ஓசை நிற்பதே இல்லை. எது வெளியேறுகிறது, எது சுற்றுகிறது என்று காதால் பிரிக்க முடியாது. இரட்டைத் தட நுழைவு என்றால் கடப்பவர் பொத்தானை அழுத்தி நிறுத்தும் சிக்னல் தேவை. வேலியும் செடி வரிசையும் நடைபாதையையும் சாலையையும் பிரித்தால் கிராசிங் இல்லாத இடத்தில் இறங்குவது குறையும்.

சைக்கிள்களுக்கு வட்டத்துக்குள்ளேயே ஓரத் தடம் போடலாமா?

வேண்டவே வேண்டாம். ஓரத்தில் சுற்றும் சைக்கிளை, வெளியேறும் கார் ஒவ்வொரு வெளிவாயிலும் குறுக்கே வெட்டும். பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் நடந்த ஆய்வுகளில், ரவுண்டானாவால் மொத்த விபத்து குறைந்தபோதும் சைக்கிள் ஓட்டிகளின் காய விபத்துகள் கூடியதும், உள்ளே தடம் வரைந்தவை மோசமாக இருந்ததும் தெரியவந்தன. வேகம் 30க்குள் உள்ள சிறிய ஒற்றைத் தட வட்டத்தில் சைக்கிள் தடத்தின் நடுவே மற்ற வாகனங்களோடு வரிசையில் போகலாம். அதற்கு மேல் என்றால் வெளியே தனிப்பாதை.

மோட்டார் சைக்கிளின் எதிரி வழுக்கல். தடிமனான பெயின்ட் கோடு, இரும்பு மேன்ஹோல் மூடி, சிந்திய டீசல் மூன்றும் சாய்ந்து திரும்பும் இடத்தில் வேண்டாதவை. மூடிகளைச் சுற்றுப்பாதைக்கு வெளியே நகர்த்துவது கட்டும்போது சுலபம், பிறகு கடினம்.

ஒற்றைத் தடமா, இரட்டைத் தடமா?

ஐயம் வந்தால் ஒற்றை. நாளொன்றுக்கு சுமார் 20,000 வாகனங்கள் வரை ஒற்றைத் தடம் சிரமமின்றித் தாங்கும். 25,000 வரை இழுக்கலாம். நுழைவு வாயின் கொள்ளளவு எதிரே சுற்றும் ஓட்டத்தைப் பொறுத்தது: வட்டம் காலியாக இருந்தால் மணிக்கு 1,380 கார்கள் அளவில் நுழையும், 500 சுற்றினால் சுமார் 830, 1,000 சுற்றினால் 500 மட்டும்.

இருபது ஆண்டுகள் கழித்து வரும் போக்குவரத்துக்காக இன்றே இரண்டு தடம் திறப்பது, அந்த இருபது ஆண்டும் விபத்தை விலைகொடுத்து வாங்குவது. நிலத்தை எடுத்து வையுங்கள். வெளிவட்டத்தை இரட்டைத் தடத்துக்கே கட்டி, உள்ளிருந்து நடுத்திட்டைப் பெரிதாக்கி ஒற்றைத் தடமாகத் திறங்கள். தேவைப்படும்போது உள்ளே வெட்டிக்கொள்ளலாம்.

இரட்டைத் தடத்தில் வரும் தனி நோய், பாதை மோதல். இடத்தடத்தில் நுழையும் வாகனத்தை வடிவமே உள்தடத்துக்குள் தள்ளிவிடும். பக்கத்துக் கார் உரசும். நுழைவு வளைவுக்கும் சுற்றுப்பாதைக்கும் இடையே சிறு நேர்த்துண்டு விட்டால் வாகனம் தன் தடத்தை நோக்கியே நுழையும். இன்னொன்று, வெளித்தடத்தில் இருந்துகொண்டே முழு வட்டம் சுற்றுவது. இதற்கு நெதர்லாந்தில் 1990களில் உருவான டர்போ ரவுண்டானா நல்ல விடை. நுழையுமுன்பே தடத்தைத் தேர்ந்துவிட வேண்டும். சுருள்வடிவத் தடங்களுக்கு நடுவே தாழ்வான தடுப்பு இருப்பதால் உள்ளே தடம் மாற முடியாது. இரட்டைத் தட வட்டத்தில் 24 ஆக இருக்கும் மோதல் புள்ளிகள் இதில் 14.

எங்கே ரவுண்டானா வைக்கக் கூடாது?

அணுகுசாலைகள் 4 விழுக்காட்டுக்கு மேல் ஏறி இறங்கும் இடத்தில். பக்கத்துச் சிக்னலின் அல்லது ரயில்வே கேட்டின் வரிசை வட்டத்துக்குள் நீளும் இடத்தில் (ஒரு வெளிவாய் அடைத்தால் நான்கு சாலையும் நிற்கும்). ஒரு திசையில் மட்டும் ஓட்டம் கொட்டி, அடுத்த நுழைவுக்கு இடைவெளியே கிடைக்காத இடத்தில். கடைசிச் சிக்கலுக்கு, ஓட்டம் கொட்டும் நுழைவில் நெரிசல் நேரத்தில் மட்டும் இயங்கும் சிக்னல் ஓரளவு உதவும்.

நிலம் இல்லை. மினி ரவுண்டானா தீர்வாகுமா?

சாலையின் வேகம் ஏற்கெனவே 50 கி.மீ.க்குள் இருந்தால் ஆகும். முழுவதும் ஏறிக் கடக்கக்கூடிய வெள்ளைக் குமிழ்; பிரிட்டன் முறையில் விட்டம் 1 முதல் 4 மீட்டர், நடு உயரம் 125 மில்லிமீட்டருக்கு மிகாது. வேகமான சாலையில் இதை வைத்தால் எல்லோரும் மேலேயே ஏறிப் போவார்கள்.

விளக்கு எங்கே வைப்பது?

நடுவில் ஓர் உயர் கோபுர விளக்கு மட்டும் வைத்தால், கிராசிங்கில் நிற்பவர் கரிய நிழலாகத்தான் தெரிவார். வெளி விளிம்பில், ஒவ்வொரு கிராசிங்குக்கும் வாகனம் வரும் பக்கம் சற்று முன்னால் கம்பம் நட்டால் நடப்பவரின் முகப்பக்கம் வெளிச்சம் விழும். பிரிப்புத் திட்டின் மூக்கும் இருட்டில் இருக்கக் கூடாது. இரவில் வாகனங்கள் அதில் ஏறிவிடக்கூடும்.

திறந்த பிறகு எதைக் கண்காணிப்பது?

விபத்துப் பதிவு சேர ஆண்டுகள் ஆகும். டயர் தடம் சில வாரங்களிலேயே பேசும். நடுத்திட்டின் நுழைவுப் பக்கக் கெர்பில் கறுப்புத் தேய்ப்பு இருந்தால், வரும் வேகம் அதிகம் அல்லது திட்டு தாமதமாகத் தெரிகிறது. வெளிவாயின் இடக் கெர்ப் உடைந்திருந்தால் லாரிக்கு இடம் போதவில்லை. விளிம்பு மேடை முழுவதும் கார் டயரின் மெல்லிய தடம் என்றால் அதன் உயரம் குறைவு. வழிவிடு கோட்டுக்கு முன் பிரேக் கறை வரிசையாகத் தெரிந்தால், பார்வைத் தூரத்தையும் முன்னறிவிப்புப் பலகையையும் சரிபாருங்கள். கோட்டைத் தாண்டி உள்ளே பிரேக் கறை என்றால் நுழைவு வளைவே போதவில்லை. அப்போது பலகையை மாற்றிப் பயனில்லை, கெர்பைப் பெயர்த்து மறுபடி வைக்க வேண்டும். அதற்கு முன் சில நாள் நெகிழி கம்பங்களை நட்டுப் புதிய கோட்டைச் சோதித்துக்கொள்ளலாம்.